பீங்கான் பல்லில் ஒரு கீறல்

வாழைப்பழத்தைக் கடித்து ஒருவருக்குப் பல் உடைந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. அண்ணி நம்பினார். அதனால்தான் அவர் துப்பறிவாளராகவும் நான் அவருக்குப் பை தூக்குகிறவனாகவும் இருக்கிறோம்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. சாவிக் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி. இதுதான் எங்கள் துப்பறியும் நிறுவனம். ஆடாத நாற்காலி அண்ணியுடையது. காணாமல் போன நாய், கள்ளக் கையெழுத்து, பெண் கொடுக்கப் போகிற வீட்டு மாப்பிள்ளையைப் பற்றிய விசாரணை என்று எத்தனையோ பார்த்தாயிற்று. பல் வழக்கு எங்களைத் தேடி வந்தது இதுதான் முதல் முறை.

அன்று காலை நாங்கள் உட்கார்ந்திருந்தது பீங்கான் பல் செய்யும் ஒரு பட்டறையில். பட்டறை என்றதும் சுத்தியல் சத்தத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம்தான். ஜன்னலோரமாக ஒரு நீள மேஜை. அதன் மேல் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒரு கண்ணாடிப் பலகையில் தண்ணீர் விட்டுக் குழைத்த வெள்ளைப் பொடி, பக்கத்தில் பூனை மீசை அளவுக்கு ஒரு தூரிகை. மூலையில் குட்டி மின்சார உலை ஒன்று முனகிக்கொண்டிருந்தது.

இந்த இடத்துக்கு முதலாளி, தொழிலாளி, காவலாளி எல்லாம் ஒரே அம்மாள்தான். நாற்பதைத் தாண்டியவர். புருவத்தில்கூட வெள்ளைப் பொடி. பார்த்த மாத்திரத்தில் நான் மனதுக்குள் பீங்கானம்மா என்று பெயர் வைத்துவிட்டேன். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். பழுதான பல்லின் மேல் தொப்பி மாதிரி மாட்ட இவர் பீங்கானில் ஒரு கூடு செய்து கொடுப்பார். கேப் என்று எல்லோரும் சொல்கிற சமாசாரம் அதுதான்.

அப்படிப்பட்ட கேப்கள் நான்கு, எங்கள் முன்னால் கறுப்புத் துணியில் உடைந்து கிடந்தன.

பீங்கானம்மா கதையைச் சொன்னார். அவருக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ஒரே டாக்டரிடமிருந்து வருகிறது. அந்த டாக்டர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ஆனால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன வருஷம் ஒரு பல் விஷயத்தில் வாய்த்தகராறு என்று சொன்னவர், அதற்கு மேல் விவரம் சொல்லாமல் தூரிகையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் வேலை மட்டும் நடக்கிறது. அண்ணன் அச்சை அனுப்புவார், தங்கை கேப்பை அனுப்புவார். நடுவில் ஸ்கூட்டரில் பெட்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஓர் ஆள் இருக்கிறார். சேதி ஏதாவது இருந்தால் அதுவும் அவர் வாய் வழியாகத்தான்.

சில மாதங்களாக இவர் செய்த கேப்கள் நோயாளிகளின் வாயில் உடைகின்றன. நேற்று டாக்டரின் நர்ஸ் போன் செய்து, டாக்டர் சொல்லச் சொன்னதாக ஒப்பித்திருக்கிறாள்: என் மேல் இருக்கிற கோபத்தில் மட்டமான பொடியைக் கலக்கிறாய், திங்கட்கிழமையிலிருந்து வேலை எல்லாம் வேறு பட்டறைக்கு.

"வேலை போனா இன்னொரு வேலை மேடம். பொடியில கலப்படம் பண்றேன்னு சொந்த அண்ணனே சொன்னா, அப்புறம் எந்த டாக்டர் என்னைக் கதவுக்கு உள்ள விடுவாரு?" என்றார் பீங்கானம்மா. "அதுகூடப் போகட்டும். அப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அண்ணன் ஒருத்தர்தான். பேசாட்டியும் தினம் அந்தப் பெட்டி வந்துக்கிட்டிருந்துது. அதுவும் நின்னுபோச்சுன்னா எல்லாம் போச்சு."

நானும் அண்ணன் உள்ளவன்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு பிளாஸ்டர் தாடையை எடுத்து மூடித் திறந்து பார்த்தேன். அண்ணி அதை என் கையிலிருந்து வாங்கி இருந்த இடத்தில் வைத்தார்.

அண்ணி கேட்ட முதல் கேள்வி எனக்கு விசித்திரமாகப் பட்டது. நர்ஸ் போன் செய்யும் வரை அண்ணனிடமிருந்து எப்படிப்பட்ட சேதி வந்துகொண்டிருந்தது என்று கேட்டார். நல்ல வார்த்தைதான் வரும் என்றார் பீங்கானம்மா. வேலை பிரமாதம், அருமை என்று அண்ணன் சொன்னதாகப் பெட்டிக்காரர் வந்து சொல்வாராம். அதனால்தான் இந்தத் திடீர் அடியைத் தாங்க முடியவில்லை என்றார். அண்ணி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புறாவைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு பீங்கானம்மா கொடுத்த டீயைக் குடித்து முடித்து, காலிப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவினார். கோப்பையின் பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்தார். பென்சில் வழுக்கிக்கொண்டு போனது, கோடு விழவில்லை. அடிப்பக்கம், மேஜையில் உட்காரும் பூச்சில்லாத அந்த வளையத்தில் இழுத்தார். அங்கே கறுப்பாகக் கோடு விழுந்தது.

"எழுதணும்னா பேப்பர் வாங்கித் தர மாட்டேனா அண்ணி? நம்ம நிறுவனம் அந்த நிலைமைக்கு இன்னும் வரலை," என்றேன்.

அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறையிலிருந்து அன்று போகவிருந்த புது கேப் ஒன்றை வாங்கி அதன் மேல் பென்சிலை ஓட்டினார். எங்கும் எழுதவில்லை. உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பக்கங்களில் எழுதவில்லை. மெல்லுகிற மேல் பரப்பில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் பள்ளிக்கூடத்து சிலேட்டில் எழுதுகிற மாதிரி எழுதியது. நான்கு துண்டிலும் அப்படியே. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த இடம் முழுக்கக் கீறல். விரிசல் அந்தக் கீறல்களிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

கண்ணாடிக் கடையில் வைர முனையால் ஒரு கோடு போட்டு லேசாகத் தட்டினால் கண்ணாடி அந்தக் கோட்டிலேயே உடைகிறதே, பீங்கானும் அந்த ஜாதிதானே என்று அண்ணி கேட்டார். அதே ஜாதிதான் என்றார் பீங்கானம்மா. இரும்பு வளைந்து கொடுக்கும், பீங்கான் வளையாது. எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே பாரமெல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் கடைசியில் கண்ணாடிப் பூச்சு பூசி உலையில் வைத்து எடுத்து, ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுகிற பதத்தில் அனுப்புகிறேன் என்றார். அது அவர் செய்த கேப்தானா என்பதிலும் சந்தேகம் இல்லை. பல்லின் பள்ளத்தில் முடி அளவுக்குப் பழுப்பாக ஒரு கோடு தீட்டுவது அவர் வழக்கம், அந்தக் கோடு நான்கிலும் இருந்தது.

"அப்ப ஒண்ணு தெளிவாயிடுச்சு தம்பி. பல் அம்மாவோடது. கீறல் வேற யாரோடதோ," என்றார் அண்ணி.

பட்டறையின் மாடிப்படியில் இறங்கும்போதே நான் குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். பட்டறையிலிருந்து கிளினிக்குக்கு நடுவில் இருக்கிற ஒரே ஆள் பெட்டிக்காரர்தான். அதிர்ஷ்டம் பாருங்கள், அவரே எதிரே படியேறி வந்துகொண்டிருந்தார். தடித்த உருவம், சிரித்த முகம், கக்கத்தில் பெட்டி. நான் வழியை மறித்து, பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அவர் பயப்படுவதற்குப் பதில் சந்தோஷமாகத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு மெத்தை போட்ட தனித்தனி டப்பாக்கள். டப்பாக்களுக்கு அம்மா டேப் ஒட்டுவார், அங்கே நர்ஸ் அறுப்பாள், நடுவில் தன் ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்றார். அந்த ஸ்கூட்டரின் ஹாரனைக்கூட அவர் அழுத்துவதில்லையாம், யார் மனதும் நோகக் கூடாதாம்.

இவ்வளவு நல்லவரைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகிவிட்டது. விட்டுவிடலாம் என்று அண்ணிக்குக் கண் காட்டினேன். அண்ணி அவரிடம், அண்ணன் தங்கை சமாசாரம் எப்படிப் போகிறது என்று மட்டும் விசாரித்தார். ரெண்டு பேரும் தங்கமானவங்க மேடம், ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை என்றார் பெட்டிக்காரர். அண்ணி ஒரு மாதிரி தலையை ஆட்டினார்.

அடுத்து வாழைப்பழத்தில் பல் உடைந்தவரைப் பார்க்கப் போனோம். அவர் பாட்டு டீச்சர். பாடும்போது வாய் திறப்பவர், பேசும்போதும் மூடுவதில்லை. பழுத்த பழம், மெதுவாகத்தான் கடித்தேன், டக் என்று சத்தம், கையில் பாதிப் பல் என்று ராகம் போட்டு மூன்று தடவை சொன்னார். நான் பழத்தின் மேல் வழக்குப் போடலாம் என்று யோசனை சொன்னேன். அண்ணி அவரிடம் கேட்டது வேறு.

"உடையறதுக்கு முன்னாடி, உங்க நாக்கு அந்தப் பல்லுகிட்ட அடிக்கடி போச்சா?"

டீச்சர் பாட்டை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார். போனதாம், போய்க்கொண்டே இருந்ததாம். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்ததாம். மேல் ஸ்தாயியில் பாடும்போது நாக்கு அங்கே போய்விடுவதால் இரண்டு மாணவிகள் முன்னால் சுருதி தப்பியதாம். கேப் போட்ட அன்றைக்கே அப்படி இருந்ததா என்று அண்ணி கேட்டார். இல்லவே இல்லை, அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது, சில வாரம் கழித்துத்தான் சொரசொரப்பு வந்தது என்றார் டீச்சர்.

பிறகு போய்ப் பார்த்த, கேப் உடைந்த இன்னொருவரான பஸ் டிரைவரும் அதே கதையைச் சொன்னார், ராகம் மட்டும் இல்லை. முதலில் வழவழ, அப்புறம் சொரசொர, அப்புறம் டக்.

எனக்குத் தலை சுற்றியது. பட்டறையில் வழவழப்பு. வாயில் மாட்டும்போதும் வழவழப்பு. அப்படியானால் சொரசொரப்பு தானாக முளைத்ததா? நோயாளிகள் ராத்திரி எழுந்து தங்கள் பல்லைத் தாங்களே அரம் வைத்துத் தேய்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டேன். அண்ணி நடையை வேகமாக்கினார். அவருக்குப் பொறி தட்டிவிட்டது என்று அர்த்தம்.

டாக்டரின் கிளினிக் ஹாலில் கால் வைக்க இடமில்லை. கன்னத்தைப் பிடித்தபடி ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நோயாளி மாதிரி நடித்து உள்ளே நுழையலாம் என்று நான் கன்னத்தைப் பிடிப்பதற்குள், அண்ணி நர்ஸிடம் தன்னை யார் அனுப்பினார் என்பதை நேராகச் சொல்லிவிட்டார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் உள்ளே கூப்பிட்டார்.

கனத்த மனிதர், களைத்த கண். தங்கைக்கு இருக்கிற அதே மூக்கு. மூலையில் இரண்டு ஸ்டூலைக் காட்டி, உட்கார்ந்து தாராளமாகப் பாருங்கள், தப்பு எங்கே என்று எனக்கும் தெரிய வேண்டும் என்றார். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை மேல் பழி போட்டுவிட்டு அவரும் தூங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நாற்காலியில் ஒரு வக்கீல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். வக்கீலைப் பேச விடாமல் செய்யக்கூடிய ஒரே இடம் அதுதான் போலிருக்கிறது. டாக்டர் பீங்கானம்மாவின் புது கேப்பை எடுத்து மாட்டினார். பற்களுக்கு நடுவில் ஒரு நீலத்தாளை வைத்து, கடிங்க என்றார். கேப் உயரமாக இருந்தால் அந்த இடத்தில் நீலப்புள்ளி விழும். விழுந்தது. வைர முனை பொருத்திய டிரில்லால் அந்த இடத்தைத் தேய்த்தார். மறுபடி தாள், மறுபடி புள்ளி, மறுபடி டிரில். மலையைக் குன்றாக்கி, குன்றை மேடாக்கி, மேட்டைத் தரையாக்கும் வேலை அது. வக்கீலின் கண் கூரையைப் பார்த்துக் கெஞ்சியது. நடுவில் இரண்டு தடவை ஹாலிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஒருவழியாகக் கடி சரியானதும், நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலைத் திறந்தாள். உள்ளே இருந்த திரவத்தைத் தேய்த்த இடத்தில் தூரிகையால் பூசி, நீல விளக்கைக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் கேப் பளபளவென்று மின்னியது. வக்கீல் கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகப் போனார்.

அண்ணி ஒரு உதவி கேட்டார். நிறம் ஒத்து வராமல் ஒதுக்கிவைத்த பழைய கேப் ஏதாவது இருந்தால், அதையும் வக்கீலுக்குச் செய்த மாதிரியே தேய்த்து, பூசித் தரச் சொன்னார். டாக்டர் செய்து கொடுத்தார். அண்ணி பென்சிலை ஓட்டினார். எழுதவில்லை.

பார்த்தீர்களா, என் பக்கம் எந்தக் குறையும் இல்லை என்றார் டாக்டர்.

அண்ணி நர்ஸிடம் கூர்மையான கருவி ஒன்றைக் கொடுத்து, பூசிய இடத்தைச் சுரண்டச் சொன்னார். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக ஒரு படலம் உரிந்து வந்தது. அதன் அடியில் பென்சிலை ஓட்டினார். கறுப்பாக எழுதியது.

டாக்டர் அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த பாட்டில் கீறலை எடுக்கலை டாக்டர். மூடி வெச்சிருக்கு," என்றார் அண்ணி. "இப்ப நர்ஸ் சுரண்டின மாதிரி நோயாளி வாயில சாப்பாடும் பிரஷ்ஷும் சுரண்டுது. சில வாரத்துல பூச்சு போயிடும். கீறல் அங்கேயே இருக்கும். நாக்குக்கு அப்பதான் தெரியும். அதுக்கப்புறம் வாழைப்பழமே போதும்."

டாக்டர் முகமூடியைக் கழற்றினார். இதெல்லாம் தனக்குத் தெரியாதது இல்லை என்றார். வைர முனையால் தேய்த்தால், அதற்கப்புறம் மூன்று ரப்பர் சக்கரங்களை வைத்து, கரடானதில் ஆரம்பித்து நைஸானது வரை படிப்படியாகத் தேய்த்துக் கீறலையே இல்லாமல் செய்ய வேண்டும். முன்பெல்லாம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு விற்பனைக்காரர் வந்து இந்த பாட்டிலைக் கொடுத்து, எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்ளும் என்றார். பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதைச் சொல்ல அந்தக் கனத்த மனிதர் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை.

பின்னே சக்கரத்தை ஏன் விட்டீர்கள் என்று அண்ணி கேட்டார்.

அவ்வளவுதான். அடக்கிவைத்ததெல்லாம் டாக்டருக்குக் கொட்டிவிட்டது. "நேரம் எங்கம்மா இருக்கு? முன்னெல்லாம் தங்கச்சி கேப் அனுப்பினா அப்படியே உட்காரும், கை வைக்கவே வேண்டாம். ஒரே ஒரு தடவை உயரம் பத்தாம கட்டையா வந்துடுச்சு. ஹால் நிறைய ஜனம், நாற்காலியில ஆளு. போன்ல கத்திட்டேன். கைவேலை தெரியாதவளுக்குப் பட்டறை எதுக்குன்னு கேட்டுட்டேன். அன்னியிலேர்ந்து பேச்சு இல்லை. அன்னியிலேர்ந்து எல்லாம் மலை மாதிரி வருது. தேய்க்கறதுலயே பாதி நாள் போயிடுது. வீம்புக்குத்தானே செய்யறா? உயரத்தைக் குறை, உயரத்தைக் குறைன்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன் தெரியுமா?"

அண்ணி நிதானமாகக் கேட்டார். "யார்கிட்ட சொல்லி அனுப்பினீங்க?"

கதவு திறந்தது. பெட்டிக்காரர் அன்றைய பெட்டியோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நாங்கள் நான்கு பேரும் அவரையே பார்த்தோம். சிரிப்பு மெதுவாக இறங்கிப்போனது.

"தம்பி," என்றார் அண்ணி என்னிடம், "கோபத்துல ஒரு வருஷமா பேசாத அண்ணன், தினம் ஒரு பாராட்டு மட்டும் சொல்லி அனுப்புவாரா? உங்க அண்ணன் என்னோட ஒரு நாள் பேசலைன்னா பாராட்டா சொல்லி அனுப்பறார்?"

வீட்டில் அந்த மாதிரி நாட்களில் சேதி கொண்டுபோகிறவன் நான்தான். பாராட்டு இருந்ததாக ஞாபகம் இல்லை.

பெட்டிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மலை மாதிரி அனுப்பாதே என்று சொல் என்று டாக்டர் சொன்னது, உங்க வேலையை அண்ணன் மலையளவு பாராட்டினார் என்று பட்டறையில் போய் இறங்கியிருந்தது. அங்கே பீங்கானம்மா, உயரம் போதுமா என்று அண்ணனைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியது, தங்கச்சி உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க டாக்டர் என்று இங்கே வந்து சேர்ந்திருந்தது. டாக்டர் மனம் நெகிழ்ந்து, நல்லா இருக்கேன்னு சொல்லு என்பாராம். அதைக் கொண்டுபோய் இவர் நல்லா இருக்குன்னு சொன்னார் என்பாராம். அண்ணனுக்கு உயரம் பிடித்திருக்கிறது என்று அந்த அம்மாள் அடுத்த கேப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடுவாராம்.

தங்கை பயத்தில் உயரம் வைத்தார். உயரத்தால் அண்ணன் தேய்த்தார். தேய்த்ததால் நேரம் போனது. நேரம் போனதால் பாட்டில் வந்தது. பாட்டிலால் கீறல் மறைந்தது, கீறலால் டீச்சருக்குச் சுருதி தப்பியது. இத்தனைக்கும் நடுவில் ஒரு ஆள் ஹாரன்கூட அடிக்காமல் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். முழுசாகப் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிக்காரரின் முகத்தைப் பார்த்ததும் நின்றுபோனது.

"மொத தடவை அவர் திட்டினதை அப்படியே போய்ச் சொன்னேன் மேடம்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தம்மா தூரிகையைக் கீழ வெச்சுட்டு அழுதாங்க. அவங்க அழுததை இங்க வந்து சொன்னேன். டாக்டர் அன்னிக்குப் பூரா சாப்பிடலை. அதுக்கப்புறம் எனக்கு மனசு வரலை. நாலு நல்ல வார்த்தை போய் வந்துக்கிட்டிருந்தா, ரெண்டு பேரும் தானா சேர்ந்துடுவாங்கன்னு நினைச்சேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று வந்த வார்த்தையை நான் முழுங்கிவிட்டேன். அண்ணி மட்டும் விடவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை, ஆனால் உறைக்கிற மாதிரி சொன்னார்: "உங்களுக்கு நல்ல மனசுங்க. ஆனா அந்த பாட்டில் பண்ணின வேலையைத்தான் நீங்களும் பண்ணிட்டீங்க."

பிறகு டாக்டரின் மேஜையிலிருந்த போனை எடுத்து, பட்டறை எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, அவர் முன்னால் நீட்டினார். டாக்டர் கையை நீட்டவே இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது. பெட்டிக்காரர் பழக்கதோஷத்தில், நான் வேணா சொல்லிடறேனே என்று எழுந்தார். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று நானும் அண்ணியும் ஒரே குரலில் சொன்னோம்.

அந்தப் பக்கம் பீங்கானம்மா எடுத்துவிட்டார். யாரு என்று கேட்டார். டாக்டர் பெட்டியைத் திறந்து, அன்று வந்த கேப்பைப் பஞ்சிலிருந்து எடுத்து, அச்சில் மாட்டி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான் போலிருக்கிறது.

"உயரமா இருக்கு," என்றார்.

தங்கைக்குக் குரல் யாருடையது என்று தெரியாமல் இருக்குமா.

"எவ்வளவு?" என்றார்.

"ஒரு தாள் கனம். கொஞ்சம் கூடவே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா."

"சொன்னேனே," என்று வேகமாக ஆரம்பித்தவர், ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்த பெட்டிக்காரரைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "இல்லை. உன்கிட்ட சொல்லலை. பொடியில ஒண்ணும் தப்பில்லை. பல்லை நான்தான் கெடுத்திருக்கேன். அன்னிக்கு உன் மேல அத்தனை பேர் முன்னாடி கத்தினதும் நான்தான்."

பீங்கானம்மா அழுகிறார் என்பது ஸ்பீக்கரில் நன்றாகவே கேட்டது. நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன், பல்வலி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"அதை நீ தேய்க்காதே அண்ணா," என்றது போன். "டிரில்லைக் கீழ வை. திருப்பி அனுப்பு. நானே இறக்கி, பூச்சு பூசி, உலையில வெச்சுத் தர்றேன்."

"அனுப்ப மாட்டேன்," என்றார் டாக்டர்.

எனக்குப் பகீரென்றது. அண்ணிகூட நிமிர்ந்து பார்த்தார்.

"நானே எடுத்துக்கிட்டு வர்றேன்."

"சீக்கிரம் வா," என்றார் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உலை சூடாத்தான் இருக்கு."

டாக்டர் ஹாலுக்குப் போய், தங்கச்சி பட்டறை வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. டிரில் தள்ளிப்போகிறது என்றால் யார்தான் முணுமுணுப்பார்கள்.

வாசலில் பெட்டிக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்பி, வழக்கம்போலப் பெட்டிக்குக் கை நீட்டினார். டாக்டர் கொடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டோடு பின்சீட்டில் ஏறி, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போகலாம் என்றார்.